பட்டையை அறுத்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுறாக்களின் வயிற்றில் பிளாஸ்டிக் துகள்கள் சேர்வதைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் பிளாஸ்டிக்கால் சுறாவுக்கு வரும் கேடுகளில் கண்ணெதிரே தெரிகிற, நாமே நிறுத்தக்கூடிய ஒன்று அதில் விட்டுப்போயிருக்கிறது: இரைமீன் பெட்டிகளைக் கட்டிவரும் பிளாஸ்டிக் பட்டை. என் அப்பாவும் அண்ணன்மாரும் சுறாத் தூண்டிலுக்குப் போகிறவர்கள். தூத்தூர்ப் பக்கம் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் தொழில். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

துகள்களின் கதை கவலைப்பட வேண்டியதுதான், மறுக்கவில்லை. இந்தோனேசியாவின் ஜாவா கரையோரம் திமிங்கலச் சுறாக்கள் இரை தேடும் நீரைச் சோதித்துப் பார்த்து, ஒரு சுறா மணிக்கு 137 பிளாஸ்டிக் துண்டுகள் வரை விழுங்கக்கூடும் என்று 2019-இல் கணக்கிட்டார்கள். மறுவருடம் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் கார்ன்வால் கடலில் பிடிபட்ட 46 சிறிய சுறாக்களை அறுத்துப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு சுறாக்களுக்குள் துகள்கள் இருந்தன, பெரும்பாலும் நூல் மாதிரியான செயற்கை இழைகள். வேண்டாததை விழுங்கிவிட்டால் இரைப்பையையே வாய்வழியாகப் புரட்டி வெளியே தள்ளுவது சுறாவின் வழக்கம். ஆனால் இரைப்பையைத் தாண்டி, சுருள் சுருளாக மடிந்த அதன் குடலுக்குள் போனதை அப்படித் தள்ள முடியாது. இதெல்லாம் சரி. அந்த இழைகளால் சுறாவுக்கு என்ன நோய் வந்தது என்று மட்டும் அந்த ஆய்வு சொல்லவில்லை.

வளையமாக வந்து கழுத்தில் மாட்டுகிற பிளாஸ்டிக்கில் அப்படி எந்தச் சந்தேகமும் இல்லை.

தூண்டிலில் குத்துகிற இரைமீன் வருகிற பெட்டிகளைச் சுற்றி மஞ்சளாகவோ நீலமாகவோ கெட்டியான பிளாஸ்டிக் பட்டை கட்டியிருக்கும். ஆட்டத்தில் இருக்கிற படகில், ஈரக்கையோடு, கத்தியைத் தேடி எடுத்து அறுக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? பெட்டியின் ஒரு மூலையை அமுக்கினால் பட்டை தளர்ந்துவிடும். அப்படியே உருவி எறிந்துவிடுவார்கள். அறுக்காமல் உருவியதால் வளையம் குலையாமல் இருக்கும். அது மூழ்காது, மிதந்துகொண்டே போகும்.

அதற்குள் ஒரு சுறா மூக்கை நுழைத்தால் என்ன ஆகும்? சுறாவால் மற்ற மீன்களைப் போலப் பின்னோக்கி நீந்த முடியாது. அதன் தோலைத் தொட்டவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் கை வழுக்கிப் போகும். வாலிலிருந்து தலைக்குத் தடவினால் உப்புத்தாள் மாதிரி பிறாண்டும். அதனால் வளையம் பின்னால் போவது சுலபம், முன்னால் கழன்று வருவது கஷ்டம். செவுள் பிளவுகளின் மேலோ பக்கத்துடுப்பை ஒட்டியோ போய் நின்றுவிடும். சுறா வளரும், பட்டை வளராது. இற்றுப்போகவும் செய்யாது. தோலை அறுத்து, சதைக்குள் இறங்கும். செவுளை நெரித்தால் நீர் ஓட்டம் தடைபடும். மாகோ போன்ற சுறாக்கள் நீந்திக்கொண்டே இருந்தால்தான் மூச்சுவிட முடியும். காயத்தோடு நீந்தவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் அது படுகிற பாட்டை நினைத்தாலே மனம் தாங்கவில்லை.

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் கரையில், குளிக்கிறவர்களின் பாதுகாப்புக்காகக் கட்டிய வலைகளில் சிக்கிய சுறாக்களை 1978 முதல் 2000 வரை பதிவு செய்திருக்கிறார்கள். அவற்றில் 50-க்கும் மேற்பட்டவை உடம்பில் இப்படிப் பிளாஸ்டிக் மாட்டிக்கொண்டவை. 2019-இல் எக்ஸிடர்காரர்கள் உலகம் முழுக்கப் பதிவானவற்றைத் திரட்டியபோது, சிக்கிய சுறாவும் திருக்கையும் ஆயிரத்தைத் தாண்டின. ஆய்வுக் கட்டுரைகளில் வந்தவற்றில் நூற்றுக்கு 74 கைவிடப்பட்ட வலைகளிலும் தொழில் கருவிகளிலும் மாட்டியவை, 11 இந்தப் பட்டையில் மாட்டியவை. அவர்கள் திரட்டியவற்றில் ஒரு மாகோ சுறாவின் உடம்பைச் சுற்றி மீன்பிடிக் கயிறு இறுகியிருந்தது. கயிற்றின் மேல் கொட்டலசு (படகின் அடியில் ஒட்டி வளரும் ஓட்டுயிர்) முளைத்திருந்தது. கயிறு தோலுக்குள் புதைந்து முதுகெலும்பையே சிதைத்திருந்தது. ஒரு பெண் மாகோ குட்டி போடும் பருவத்துக்கு வரவே 18 வருடம் போல ஆகும். அப்படிப்பட்ட மீனில் ஒன்று போனாலும் பெரிய இழப்பு.

சுறா குறைந்துபோனதற்கு முதல் காரணம் மிதமிஞ்சிப் பிடிப்பதுதான். அந்த ஆய்வாளர்களும் அதைச் சொல்கிறார்கள், எங்கள் வீட்டிலும் அதை ஒத்துக்கொள்கிறோம். ஆனால் பிடித்த சுறாவால் ஒரு வீட்டில் உலை கொதிக்கும். பட்டை மாட்டிச் சாகிற சுறாவால் யாருக்கு என்ன லாபம்? அறுந்த தங்கூசி (நைலான் இழை) வலையிலும் இதே கதைதான். இழுக்க ஆள் இல்லாமலேயே கடலுக்குள் கிடந்து மீனைக் கொன்றுகொண்டிருக்கும்.

படகிலிருந்து பிளாஸ்டிக்கைக் கடலில் போடக்கூடாது என்ற பன்னாட்டு விதி 1988 கடைசியிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அண்டார்க்டிகா கடலில் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தும் ஆணையம், இரைப்பெட்டிகளுக்குப் பிளாஸ்டிக் பட்டை கட்டுவதையே தடை செய்திருக்கிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? பட்டையில்லாமல் பெட்டி வரும்வரை, படகில் ஏற்றும் முன் கரையிலேயே அறுத்துப் போட்டுவிடலாம். எங்கள் அண்ணன் படகில் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள், வேலை ஒன்றும் கெடவில்லை. அப்புறம், பழைய வலை. சென்னை காசிமேட்டில் அதை விலைக்கு எடுத்துக்கொள்ள அரசு ஒரு மையம் வைத்திருக்கிறது. எங்கள் படகுகள் கரை பிடிக்கும் துறைமுகத்தில் அதற்கு வழியில்லை. கிழிந்த வலையைச் சுமந்து வந்தால் போட இடமில்லை, வீட்டுக்குப் பின்னால் குவித்து வைக்க வேண்டியிருக்கிறது. எல்லா மீன்பிடித் துறைமுகங்களிலும் அப்படி ஒரு மையம் வேண்டும். மீன்வளத் துறை மனம் வைத்தால் நடக்கும்.

உங்கள் நிருபரை ஒருநாள் விடியற்காலையில் ஏதாவது ஒரு துறைமுகத்துக்கு அனுப்பி, கடலுக்குப் புறப்படும் படகில் எத்தனை பெட்டி பட்டையோடு ஏறுகிறது என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தூத்தூர், குமரி மாவட்டம்.