ராணியின் சாப்பாடு குறித்து மகனுக்கு

அன்பு மகன் செல்வத்திற்கு,

நேற்று இரவு பேசும்போது, உங்கள் நாய் ராணியின் சாப்பாட்டுச் செலவு மாதந்தோறும் ஏறிக்கொண்டே போகிறது, வீட்டு வாடகையும் கூடிவிட்டது, நல்லவர்கள் யாராவது கேட்டால் அவளைக் கொடுத்துவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாய். சொல்லும்போதே உன் குரல் கம்மிவிட்டது. அவளைக் கொடுக்க வேண்டியதில்லை, அய்யா. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால், என் மனதில் இருப்பதையெல்லாம் எழுதியே அனுப்புகிறேன். கனியும் நீயும் சேர்ந்து படியுங்கள்.

மூன்று கிலோ பை ஒரு வாரத்தில் தீர்ந்துவிடுகிறது என்றாய். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் இரவெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ராணி இருக்க வேண்டிய எடை இருபது கிலோ. கருத்தடை செய்த, வீட்டோடு இருக்கிற, அந்த எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1000 கிலோகலோரி போதும். நீ வாங்கும் உலர் உணவில் நூறு கிராமுக்கு 350 கிலோகலோரி என்று பையின் பின்பக்கம் போட்டிருப்பதாகக் கனி படித்துச் சொன்னாள். அப்படியானால் அவளுக்கு வேண்டியது ஒரு நாளைக்கு 285 கிராம்தான். மூன்று கிலோ பை பத்து நாளைக்கு மேல் வர வேண்டும். ஒரு வாரத்தில் தீர்கிறது என்றால் நாளொன்றுக்கு 430 கிராம் போகிறது, அதற்கு மேல் பிஸ்கட்டும் மெல்லும் குச்சியும் வேறு. தீபாவளிக்கு நீங்கள் வந்திருந்தபோது அவள் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். அவள் விலாவைத் தடவிப் பார்த்தேன், விரலுக்கு ஓர் எலும்புகூடத் தட்டுப்படவில்லை. அழுத்தாமல் தடவும்போதே விலா எலும்பு விரலுக்குத் தெரிய வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு சற்று உள்வாங்கியிருக்க வேண்டும். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியது, பிள்ளைகள் ஆசையாக வளர்க்கிறார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆகவே முதல் சிக்கனம் அளப்பதில்தான் இருக்கிறது. சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்து, அந்த அளவுக்கு ஒரு டம்ளரில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். யார் போட்டாலும் அந்தக் கோடுதான். ஒரேயடியாகக் குறைக்காமல் இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக அங்கே கொண்டுவந்தால் அவள் ஏங்க மாட்டாள். குறைத்துப் போடுவது பாவம் என்று நினைக்காதே. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களைக் குட்டியிலிருந்து ஜோடி ஜோடியாக வளர்த்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாக உணவு கொடுத்து, கடைசிவரை கவனித்த ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவை ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது.

இனி, விலை ஏறுகிறது என்று பாக்கெட்டை நிறுத்திவிட்டு வெறும் சோறும் பாலும் போட ஆரம்பித்துவிடாதே என்பதையும் சொல்ல வேண்டும். நம் பழைய நாய் மணியை நினைத்துப் பார். நீ ஆறாம் வகுப்பு படித்த வருடம் அவனைக் கைக்குள் அடங்கும் குட்டியாக எடுத்து வந்தோம். நான் அவனுக்குத் தினமும் சோற்றைக் குழைய வடித்து, எலும்பு வேகவைத்த சாற்றை ஊற்றி, ஈரலும் கறியும் பிசைந்து என் கையாலேயே ஊட்டினேன். எலும்புச் சாற்றில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருக்கும் என்று நம்பியிருந்தேன். ஐந்தாவது மாதத்தில் அவன் முன்னங்கால்கள் வில்லைப் போல வளைந்தன. ஒரு நாள் திண்ணையிலிருந்து குதித்தவன் எழுந்திருக்கவே இல்லை. இரண்டு முழ உயரம்கூட இல்லாத திண்ணை, கால் முறிந்துவிட்டது. கால்நடை மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: கறியிலும் அரிசியிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு, சாற்றில் இறங்குவதும் சொற்பம்தான், உணவில் கிடைக்காத கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்த வளைவு அவன் சாகும்வரை நேராகவில்லை. அவனுக்குக் குறைந்தது பணமோ பாசமோ அல்ல. எனக்குத் தெரியாமல் போனதுதான் குறை. அதை உனக்குக் கொடுக்கவே இவ்வளவும் எழுதுகிறேன்.

என் யோசனை இதுதான்: காலையில் பாக்கெட் உணவு பாதி அளவு, இரவில் வீட்டுச் சமையல் பாதி. நாய்க்குச் சோறு ஆகாது என்று கனியிடம் யாரோ சொன்னார்களாம். ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் நகல்கள் பல மடங்கு அதிகம் என்று ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் 2013இல் கண்டு எழுதியிருக்கிறார்கள். மனிதரோடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உண்டு வளர்ந்த உயிர் அல்லவா. நன்றாக வெந்த சோறு தாராளமாக ஆகும். அதற்குப் பொன்னி அரிசி வேண்டாம், குருணை போதும். விலை குறைவு, சீக்கிரம் குழையும்.

ஒரு வேளைக்கு ஐம்பது கிராம் குருணை, எலும்பு நீக்கிய கோழிக்கறி நூறு கிராம், ஒரு முட்டை, ஒரு கைப்பிடி மஞ்சள் பூசணி அல்லது கேரட், ஒரு தேக்கரண்டி எண்ணெய். உப்பு, மிளகாய், தாளிதம் எதுவும் கூடாது. கோழி ஈரலை வாரத்துக்கு இரண்டு மூன்று சிறு துண்டோடு நிறுத்திக்கொள். மலிவாகக் கிடைக்கிறதே என்று தினமும் போட்டால் வைட்டமின் ஏ மிஞ்சி அதுவே எலும்பைக் கெடுக்கும். இறக்கிய பிறகு முட்டை ஓட்டுப் பொடி கால் தேக்கரண்டி கலக்க வேண்டும். ஓடுகளைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் மொறமொறவென்று காயவைத்து, மிக்சியில் மைதா போல அரைத்துச் சலித்துக்கொள். விரலுக்கிடையில் தேய்த்தால் நறநறவென்று இருக்கக் கூடாது. ஒரு தேக்கரண்டிப் பொடியில் ஏறக்குறைய இரண்டு கிராம் கால்சியம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் மாத்திரைக்கு இது குறைந்ததல்ல.

வாங்குகிற காலம் பார்த்து வாங்கினால் இன்னும் மிஞ்சும். புரட்டாசியில் பலர் அசைவம் நிறுத்துவதால் கோழி விலை இறங்கும். அப்போது இரண்டு மூன்று கிலோ வாங்கி, ஒரு நாள் பொட்டலங்களாகக் கட்டி உறைய வைத்துவிடு. வாரம் இரண்டு நாள் கோழிக்குப் பதிலாக மத்தி, அதாவது நம் ஊர்ச் சாளை, வேகவைத்து முள் எடுத்துக் கொடு. தோல் மினுமினுப்பாக இருக்கும், மலிவும்கூட. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம், விலை தாறுமாறாக இருக்கும். அந்த இரண்டு மாதமும் முட்டையையே கூட்டிக்கொள்ளலாம்.

பாக்கெட் வாங்கும்போது கிலோ விலையைப் பார்க்காதே. ஆயிரம் கிலோகலோரிக்கு என்ன விலை ஆகிறது என்று பார். மலிவான பையில் ஒரு நாளைக்கு நானூறு கிராம் போட வேண்டியிருந்தால் அது மலிவே அல்ல. வளர்ந்த நாய்க்குரிய முழுமையான உணவு என்று அச்சிட்டிருக்க வேண்டும், புரதம் இருபது சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும். படங்களும் அலங்காரப் பெயர்களும் உனக்கு வேண்டாம். திறந்த மூட்டையிலிருந்து நிறுத்துக் கொடுக்கும் உணவை மட்டும் ஒருபோதும் வாங்காதே. சென்னைக் காற்றின் ஈரத்தில் கொழுப்பு சிக்கு வாடை அடித்துவிடும், பூசணம் பிடித்தால் அதன் நஞ்சு ஈரலைத் தாக்கும். மெல்லும் குச்சியையும் நிறுத்திவிடு. வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்குத் துண்டு, பச்சைக் கேரட் கொடு, அவள் வாலாட்டலில் எந்த வித்தியாசமும் இருக்காது.

சிக்கனம் என்று மீந்த குழம்புச் சோற்றைத் தட்டில் கொட்டிவிடக் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்தாலும் அதன் நஞ்சு போவதில்லை. திராட்சை, பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை உட்பட, சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். சாக்லேட் ஆகவே ஆகாது. வேகவைத்த கோழி எலும்பு ஊசியாகச் சிதறிக் குடலில் குத்தும். கறிக்கடையில் தோலையும் கொழுப்பையும் சும்மா தருகிறார்கள் என்று அள்ளிக்கொண்டு வராதே, கணையம் வீங்கி மருத்துவமனையில் கிடந்தால் ஒரு வருடச் சாப்பாட்டுச் செலவு ஒரே வாரத்தில் போய்விடும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். நான் எழுதிய சமையலிலும் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ போன்றவை போதாமல்தான் இருக்கும். கலிபோர்னியாவில் 2013இல், நாய்களுக்கான இருநூறு வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்தபோது, 95 சதவீதக் குறிப்புகளில் ஏதாவது ஓர் இன்றியமையாச் சத்தாவது குறைவாக இருந்தது. அதனால்தான் பாதியைப் பாக்கெட்டிலேயே வைக்கச் சொன்னேன். மீதிப் பாதிக்கு எந்த வைட்டமின், தாதுப்பொடி, எவ்வளவு என்பதை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுக்கொள். அங்கே கட்டணம் குறைவு. அதிகாலையிலேயே போய் வரிசையில் நில். குடற்புழு மருந்து தள்ளிப்போயிருந்தால் அதையும் அன்றைக்கே முடித்துவிடு. புதிய சாப்பாட்டுக்கு ஒரேயடியாக மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். முதல் வாரம் ஒரு பிடி, அடுத்த வாரம் இரண்டு பிடி என்று கூட்டு.

முட்டை ஓட்டுப் பொடி முதல் டப்பாவை நானே அரைத்து வைத்திருக்கிறேன், அடுத்த மாதம் நெல்லை எக்ஸ்பிரஸில் வரும்போது கொண்டுவருகிறேன். அதற்கு முன், ஞாயிற்றுக்கிழமை காலையில் ராணியைத் தூக்கிக்கொண்டு நீ எடை பார்க்கும் கருவியில் ஏறி நில். உன் எடையைக் கழித்து வரும் எண்ணை எனக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா