செருப்பு அளவு

அம்பாசமுத்திரம்
20.6.1999

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும்.

உன் கடைசிக் கடிதம் மே 24-ஆம் தேதி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. தபால்காரர் தெருமுனையில் சைக்கிளை விட்டு இறங்காமலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். சரி, மலையேறி இருக்கிறவனுக்கு எழுத நேரம் ஏது. ஆனாலும் எழுது. காலுறையை ஈரத்தோடு போட்டுக்கொண்டு தூங்காதே. பனி விரலைத் தின்றுவிடும்.

சாரல் நன்றாக விழுகிறது. நாற்றங்காலில் விதை போட்டாச்சு. அக்கா பிள்ளைக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டது. அம்மா சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பு நேர்ந்திருக்கிறாள், ஆடி அமாவாசைக்குச் செலுத்த வேண்டுமாம். உன் கால் அளவுக்கே தைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

13-ஆம் தேதி கார்கிலில் டோலோலிங் மலையைப் பிடித்த செய்தி வந்ததும் டீக்கடையில் எனக்குக் காசு வாங்கவில்லை. "மாமா மகன் கமாண்டோல்லா" என்று இடம் விட்டு உட்காரவைக்கிறார்கள். மெரூன் தொப்பியோடு நீ அனுப்பின படத்தை வாசல் நிலைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். நெஞ்சில் கமாண்டோக்களுக்குக் கொடுக்கிற அந்த 'பலிதான்' பேட்ஜ் பளிச்சென்று தெரிகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் காட்டுகிறேன். இருட்டின பிறகு அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

விமானி நசிகேதா மே 27-ல் பாகிஸ்தானிடம் பிடிபட்டு, ஜூன் 3-ல் விட்டுவிட்டார்கள். வாகா வழியாக அவர் வந்ததை டிவியில் பார்த்தோம். அம்மா சூடம் ஏற்றினாள். அடுத்த வாரமே கேப்டன் காலியாவையும் அவரோடு போன ஐந்து பேரையும் எந்த நிலையில் திருப்பிக் கொடுத்தார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். அம்மா எழுந்து டிவியை அணைத்தாள். நானும் ஒன்றும் பேசவில்லை. நீயும் கேள்விப்பட்டிருப்பாய். அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

வேறொன்று எழுதுகிறேன். 1971 சண்டையில், ஜம்மு எல்லைப் பக்கம் சாம்ப் என்ற இடத்தில் குண்டுச் சிதறல் பட்டு மயங்கிக் கிடந்தபோது பாகிஸ்தான்காரர்கள் என்னைப் பிடித்தார்கள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். தோள் தழும்பைக் காட்டியிருக்கிறேன். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் நீ அதைச் சொல்லி எவர்சில்வர் தட்டு வாங்கிவந்தாய். ராசா, அந்தத் தழும்பு பாகிஸ்தானில் லயால்பூர் கைதி முகாமில் விறகு பிளக்கும்போது பட்டது. சாம்பில் எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. முனாவர் தாவி ஆற்றுக்கு மேற்கே, ஒயர்லெஸ் செட்டோடு நாங்கள் மூன்று பேர் பின்தங்கிவிட்டோம். விடியும்போது நாணலைச் சுற்றி அவர்கள் நின்றார்கள். தோட்டா தீர்ந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். தீரவில்லை. நாலு இருந்தது. கையைத் தூக்கினேன்.

முகாமுக்கு ரெட் கிராஸ்காரர்கள் வந்து, வீட்டுக்கு எழுத அட்டை கொடுத்தார்கள். மற்றவர்கள் அன்றைக்கே எழுதினார்கள். நான் ஐந்து மாதம் எழுதவில்லை. பேனாவை எடுத்தால் அந்த நாலு தோட்டாதான் முன்னால் வந்து நிற்கும். இங்கே உங்க ஆச்சிக்குக் காணவில்லை என்று தந்தி வந்திருக்கிறது. காரியம் செய்துவிடச் சொன்ன சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்பிவிட்டாள். பிறகு கைதிகள் பட்டியலில் பேர் இருக்கிறது என்று தகவல் வந்தும் நம்பவில்லை. "அவன் கையெழுத்தைக் காட்டுங்க" என்றாளாம். எழுதப் படிக்கத் தெரியாதவள், ஆனால் என் எழுத்தின் சாய்வு அவளுக்குத் தெரியும். தினமும் தபாலாபீஸ் திண்ணையில் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

1972 டிசம்பர் 1-ஆம் தேதி அறுநூறுக்கும் மேற்பட்டவர்களோடு வாகாவில் இந்தப் பக்கம் வந்தேன். வீட்டுக்கு வந்ததும் ஆச்சி என் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள். "எழுதக் கை வரலையால?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. சாகிறவரைக்கும் அவள் மறுபடி கேட்கவும் இல்லை.

நீ பட்டாளத்துக்குப் போனதற்கும், அது போதாது என்று கமாண்டோவுக்குப் போனதற்கும் என் பொய்தான் காரணமோ என்று இந்த 27 நாளாக உட்கார்ந்து யோசிக்கிறேன். உன் தொழிலை உனக்கு நான் சொல்லித்தர முடியாது. ஆனால் யாரிடம் எங்கே மாட்டினாலும் பேர், ரேங்க், நம்பர், பிறந்த தேதி. ஜெனீவா ஒப்பந்தப்படி இந்த நாலுதான், ஐந்தாவதாக ஒன்றும் சொல்ல வேண்டாம். கையைத் தூக்க வேண்டிய நிலை வந்தால் தூக்கு. உன் அப்பா தூக்கினவன். இந்த வீட்டில் யாரும் உன்னை ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். அட்டை கொடுத்தால் மட்டும் அன்றைக்கே எழுதிவிடு.

இதை அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. இன்று ராத்திரி சொல்லலாம் என்று இருக்கிறேன்.

இதோடு விலாசம் எழுதின கார்டு நாலு வைத்திருக்கிறேன். நிறைய எழுத வேண்டாம். காலுறையைக் காயவைத்துப் போடு. உன் செருப்பு அளவு எட்டா ஒன்பதா என்று அம்மா கேட்கிறாள். அந்த நம்பரை மட்டும் உன் கையால் எழுதிப் போடு.

அப்பா