2024–25 ஆண்டறிக்கை: இந்தத் தடவை அச்சடிக்கவில்லை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அறிக்கையை இந்த வருடம் வாட்ஸாப் குழுவில் மட்டும்தான் போடுகிறேன். அச்சடித்துப் பொதுக்குழுவில் கையில் கொடுத்தால்தான் மரியாதை என்று தலைவர் ஐயா சொன்னார். சரிதான், ஆனால் போன வருடம் அடித்ததில் எத்தனை பிரதியை நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போனீர்கள் என்பது எனக்குத் தெரியும். மீதிக் கட்டு என்ன ஆனது என்பதும் தெரியும். அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் வழக்கமானவை. செயற்குழு ஒன்பது தடவை கூடியது, அதில் இரண்டு தடவை ஆள் சேராமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றினோம். நூலகத்துக்கு ஒரு பீரோ வாங்கினோம். மார்கழியில் பாட்டுக் கச்சேரி ஒன்று, நன்றாக நடந்தது. போன பொதுக்குழுவில் குறைந்தபட்ச எண்ணிக்கை சேராததால் அரை மணி நேரம் தள்ளிவைத்து, வந்தவர்களைக் கொண்டு நடத்தினோம். வந்தவர்கள் யார் என்பது பதிவேட்டில் இருக்கிறது, வராதவர்கள் யார் என்பதும் அதே பதிவேட்டில்தான் இருக்கிறது.

இனி கலைவிழா. பொங்கல் முடிந்த அடுத்த வாரம், மூன்று நாள், பூங்காவில். 2007ல் சென்னை சங்கமம் ஆரம்பித்து ஊரெல்லாம் கரகமும் ஒயிலும் வந்து இறங்கியபோதே நம் பேட்டையிலும் இப்படி ஒன்று வேண்டும் என்று நம் சங்கத்தில் பேச்சு எழுந்தது. இத்தனை வருடம் பேச்சாகவே இருந்ததை இந்த வருடம்தான் நடத்தியிருக்கிறோம். முதல் நாள் பள்ளிப் பிள்ளைகளின் பாட்டு. இரண்டாம் நாள் இரண்டு சிறு நாடகங்கள், இரண்டாவதில் மைக் செட் பாதியில் படுத்துவிட்டது, நடித்தவர்கள் குரலை உயர்த்திச் சமாளித்தார்கள். காகித முகமூடிப் பயிற்சிக்குப் பிள்ளைகள் நிறைய வந்தார்கள், பெற்றோர் அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

தெருக்கூத்துப் பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. பொருளாளர் செயற்குழுவில் எழுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை இதைப் பற்றியவைதான்.

முதல் கேள்வி, நோட்டீஸை ஏன் இரண்டு தடவை அடித்தோம். முதலில் ‘கூத்துப் பட்டறை’ என்றுதான் போட்டேன். ந. முத்துசாமி 1977ல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலிருந்து வருகிறார்களா, எந்த நடிகர் வருகிறார் என்று வரிசையாகப் போன் வந்தது. இல்லை, செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் வருகிறார் என்றால் எதிர்முனையில் குரல் இறங்கிவிடுகிறது. யாரையும் ஏமாற்றிய மாதிரி ஆகிவிடக்கூடாது என்று ‘கூத்துப் பயிற்சி’ என மாற்றி மறுபடி அடித்தேன். செலவு இரட்டிப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது, விழாப் பணத்தில் கிட்டத்தட்ட பாதி இந்த ஒரே பயிற்சிக்குப் போய்விட்டதாமே. போனது. வந்தவர் ஒருவர் அல்ல. வாத்தியார், முகவீணைக்காரர், மத்தளக்காரர், ஆர்மோனியம், வேஷம் கட்டும் இருவர், அப்புறம் இரண்டு மூட்டை கட்டைச் சாமான். தோளில் கட்டுகிற புஜக்கட்டையும் கிரீடமும் மரத்தில் செய்தவை. கல்யாண முருங்கை மரம், கையில் எடுத்தால் தக்கை மாதிரி இருக்கும். ராத்திரி முழுக்க அதைக் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆட வேண்டுமே, கனமான மரம் எப்படித் தாங்கும்? பஸ்ஸில் கொண்டுவரச் சொல்லலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அவரும் பயிற்சிக்கு வரவில்லை.

ஊரில் ராத்திரி பத்து மணி வாக்கில் ஆரம்பித்து விடியும்வரை ஆடுகிற கூத்து அது. நமக்கு 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும், அதாவது அவர்கள் ஆரம்பிக்கிற நேரத்தில் நாம் மூட்டை கட்ட வேண்டும். கர்ணன் சாகிற கதையான கர்ண மோட்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கித் தர முடியுமா என்று கேட்டபோது வாத்தியார் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கடைசியில் கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் வாதாடுகிற இடத்தை மட்டும் எடுத்து, பிள்ளைகளுக்கு மூன்று நாளும் அதையே சொல்லிக்கொடுத்தார். வரும் வருடம் இதை மாலை நாலு மணிக்கே வைக்க வேண்டும் என்பது என் கருத்து, வெயிலில் அரிதாரம் வழியும் என்பது அவர் கருத்து.

பறை விஷயம். பறைப் பயிற்சியும் அதே மூன்று நாள்தான். தோல் பறையைத் தீயில் காய்ச்சினால்தான் தோல் இறுகிக் குரல் எழும், பனி விழுகிற தை மாதச் சாயங்காலத்தில் அரை மணிக்கு ஒரு தடவை காய்ச்ச வேண்டியிருந்தது. பூங்காவில் நெருப்பு மூட்டக்கூடாது என்று காவலாளி பிடிவாதமாக நின்றார், அவர் வேலை அது. 2017ல் யுனெஸ்கோ இசைக்கான படைப்பாக்க நகரம் என்று பட்டம் கொடுத்த சென்னையில் ஒரு பறையைக் காய்ச்ச இடமில்லை. ஃபைபர் பறை வாங்கிவிட்டால் தீயே வேண்டாமே என்றார் பொருளாளர். பறை அடித்துக் காட்ட வந்த தம்பி இரண்டையும் பக்கத்தில் வைத்து அடித்துக் காட்டினார், சிண்டுக்குச்சி என்கிற மெல்லிய குச்சி விழுகிற அந்தச் சுள்ளென்ற ஓசை ஒன்றில் இருந்தது, இன்னொன்றில் பிளாஸ்டிக் வாளிதான் இருந்தது. பிறகு கேட்டுக்கு வெளியே, சாக்கடை மூடிக்குப் பக்கத்தில், காவலாளியே இடம் காட்டினார். வைக்கோல் கிடைக்கவில்லை, பழைய பேப்பரும் கையில் இல்லை. என் ஸ்கூட்டர் டிக்கியில் போன வருட ஆண்டறிக்கைக் கட்டு இருந்தது.

நன்றாக எரிந்தது. வழுவழுப்பான தாள் என்பதால் கொஞ்சம் புகை அதிகம். அறிக்கையை எரித்தது சங்கத்துக்கு அவமானம் என்று ஒரு மூத்த உறுப்பினர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பிரதியும் அந்தக் கட்டில்தான் இருந்தது, மேலே அவர் பெயரை நானே எழுதி வைத்திருந்தேன்.

இப்போது கட்டியங்காரன் விவகாரம். கூத்தில் ஒவ்வொரு வேஷமும் திரைக்குப் பின்னால் நின்று பாடி, அப்புறம் வெளியே வரும். யார் நீ, எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பது கட்டியங்காரன். ராசாவாக இருந்தாலும் கிண்டல் பண்ணலாம், ஊர் நடப்பை இழுக்கலாம், அவனுக்கு மட்டும் அந்த உரிமை உண்டு. எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒருத்தி அந்த வேஷத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கடைசி நாள் மேடையில் கர்ணன் வந்து நின்று, கேட்டவர்க்கு இல்லை என்னாத கொடைவள்ளல் நான் என்று பெருமை பேசி முடித்ததும் அவள், “அதெல்லாம் இருக்கட்டும் மகாராசா, சங்கத்துச் சந்தா கட்டியாச்சா?” என்று கேட்டுவிட்டாள். கூட்டம் சிரித்தது. கர்ணனாக நின்ற பையனும் சிரித்துவிட்டான், புஜக்கட்டை ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

நான்தான் அந்த வரியைச் சொல்லிக்கொடுத்தேன் என்று ஒரு பேச்சு குழுவில் ஓடுகிறது. இல்லை. மூன்று நாளும் நான் போனில் யாரிடமாவது சந்தா கேட்டுக்கொண்டே இருந்தேன், அந்தப் பெண் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள், அவ்வளவுதான். சொந்தமாக ஒரு வரி பேசு என்று சொன்னது வாத்தியார். பிள்ளை மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொன்ன மூவரில் இருவருக்குப் பாக்கி இருக்கிறது. மூன்றாமவர் ஆயுள் உறுப்பினர், அவருக்கு ஏன் கோபம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கணக்கு. வரவும் செலவும் ஏறக்குறைய சமம், சிறு தொகை அடுத்த ஆண்டுக்கு இழுத்து வந்திருக்கிறோம். தணிக்கை முடிந்து கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. சில வவுச்சர்கள் பின்னால் வந்தவை, வேஷம் கட்ட வந்தவர்களிடம் பில் கேட்க எனக்கு வாய் வரவில்லை, வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினேன். விவரம் வேண்டுகிறவர்கள் பொருளாளரைப் பார்க்கலாம், அவர் சந்தோஷமாகக் காட்டுவார். சந்தா பாக்கி உறுப்பினர்களில் பாதிக்கு மேல். பட்டியலைக் குழுவில் போட வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. பதிவாளர் அலுவலகத்துக்கு வருடா வருடம் கணக்கையும் உறுப்பினர் விவரத்தையும் அனுப்ப வேண்டும் என்பது 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டம். பாக்கிக்காரர்களையும் உறுப்பினர் என்றே எழுதி அனுப்புகிறேன், அதுவே பெரிய உபகாரம்.

நன்றி: தலைவர் ஐயாவுக்கும், துணைத் தலைவருக்கும், பொருளாளருக்கும் (உண்மையாகவே), பந்தல் போட்டவருக்கும், பள்ளித் தலைமையாசிரியைக்கும், வந்து பார்த்த எல்லாருக்கும். காவலாளிக்குத் தனியாக. கூத்தில் திரை பிடிக்க இரண்டு பேர் வேண்டும். தொண்டர்களாகப் பெயர் கொடுத்திருந்த பதினான்கு பேரில் ஒருவரும் அந்த நேரத்தில் இல்லை, ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அவர் பிடித்தார். அவர் என்னைவிட அரை அடி உயரம், திரை கடைசிவரை சாய்ந்தே இருந்தது, படங்களில் பார்த்திருப்பீர்கள்.

அடுத்த ஆண்டு. செயலாளர் பொறுப்புக்கு நான் மறுபடி நிற்பதாக இல்லை, ஆறு வருடம் போதும், வீட்டிலும் அதையே சொல்கிறார்கள். மனுக் கொடுக்கக் கடைசி நாள் வரும் ஞாயிறு. இதை எழுதுகிறவரை ஒரு மனுவும் வரவில்லை. யாரும் வராவிட்டால் என்ன செய்வது என்று தலைவர் கேட்டார், பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். வாத்தியார் தை மாதத்துக்கு இப்போதே அட்வான்ஸ் கேட்கிறார், அந்தப் பக்கம் பங்குனி, சித்திரையில் திரௌபதி அம்மன் கோயில் கூத்து ஆரம்பித்துவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது. பாக்கியில் பாதி வந்தால்கூட அதைக் கட்டிவிடலாம்.

அப்புறம், அந்தத் திரைத்துணி எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் மடித்து வைத்திருக்கிறது. கூடவே இரண்டு பறை, ஒரு கிரீடம். புதிய செயலாளர் யாராக இருந்தாலும் மழைக்கு முன்னால் வந்து எடுத்துக்கொள்ளவும். தோல் நனைந்தால் வீணாகிவிடும்.

இப்படிக்கு,
செயலாளர்