18 மீட்டர், 60 டன்: முழங்காலுக்குக் கணக்குக் கேட்டு ஒரு திறந்த மடல்

ராட்சத ரோபோ அனிமேக்களுக்கு இயந்திரம் வரையும் வடிவமைப்பாளர்களுக்கும், அந்த இயந்திரங்களுக்கு உயரம், எடை, திறன் என்று அட்டவணை போடுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

கால் முளைத்த போர் இயந்திரமே அபத்தம், டாங்கி இருக்க இது எதற்கு என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. அதைக் கேட்க ஆள் நிறைய இருக்கிறார்கள். எங்கள் வழக்கு உங்கள் அட்டவணையோடு. 1979-இல் தொடங்கிய 'மொபைல் சூட் கன்டம்' தொடரின் நாயக ரோபோவான ஆர்எக்ஸ்-78-2-ஐ எடுத்துக்கொள்வோம். உயரம் 18 மீட்டர், வெற்று எடை 43.4 டன், முழு எடை 60 டன், உள்ளிருக்கும் அணு உலையின் திறன் 1,380 கிலோவாட். நீங்கள் கொடுத்த எண்கள்தான். அவற்றை அப்படியே நம்பிக் கணக்குப் போட்டோம்.

'கால் மண்ணில் புதைந்துவிடும்' என்பதுதான் எல்லோரும் எடுத்தவுடன் சொல்லும் குறை. உங்கள் எண்களின்படி அந்தக் குறை அவ்வளவாக எடுபடவில்லை. பாதம் 3 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம் என்று வைத்தால், இரு காலில் நிற்கும்போது தரையின் மேல் அழுத்தம் சுமார் 65 கிலோபாஸ்கல்; ஒற்றைக் காலில் 130. கனமான டாங்கியின் சங்கிலிப் பட்டையே 100 கிலோபாஸ்கலை ஒட்டி அழுத்துகிறது. ஓடும்போது இது இரண்டு மூன்று மடங்காகும். அப்போது ஈரக் களிமண் வழிவிட்டுவிடும். நிற்கவும் நடக்கவும் கெட்டியான தரை போதும்.

புதையாததற்குக் காரணம்தான் சங்கடமானது. எடை போதவில்லை. 1.75 மீட்டர் உயரம், 70 கிலோ எடையுள்ள மனிதரை அப்படியே 18 மீட்டருக்கு வளர்த்தால் சுமார் 76 டன் வரும். உங்கள் இயந்திரம் மனிதரைவிடத் தடித்த உடம்பு, ஆனால் 60 டன். தண்ணீர் உள்ளே புகாதவரை கடலில் கட்டை மாதிரி மிதக்கும்! 'பேட்லேபர்' தொடரின் இங்கிராம் ரோபோவும் இதே ரகம்தான்: 8.02 மீட்டருக்கு 6 டன்.

இந்த எடைக்குள் கவசம் எவ்வளவு அடங்கும்? ஜப்பானின் டைப் 10 டாங்கி 44 டன், உயரம் 2.3 மீட்டர். கிட்டத்தட்ட அதே எடையை நீங்கள் 18 மீட்டர் உருவத்தின் மேல் பரப்புகிறீர்கள். மனிதத் தோலின் பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் 196 சதுர மீட்டர். வெற்று எடையில் பாதியைக் கவசத்துக்கே கொடுத்தாலும் சதுர மீட்டருக்கு 111 கிலோ. எஃகென்றால் 14 மில்லிமீட்டர், டைட்டானியமென்றால் 25. கவசம் துளைக்கும் 12.7 மில்லிமீட்டர் தோட்டா நெருக்கத்தில் அந்த எஃகுத் தகட்டைத் துளைத்துவிடும். எதிரித் தரப்பு ரோபோவான ஸாகுவின் துப்பாக்கியோ 120 மில்லிமீட்டர். 'லூனா டைட்டானியம்' என்று ஒரு கற்பனை உலோகத்தின் பெயரைச் சொல்லித் தப்பித்தீர்கள். சரி, கதைக்கு ஒரு பொய் நாங்களும் அனுமதிக்கிறோம்.

ஆனால் முழங்காலில் எந்தப் பெயரும் கைகொடுக்காது. தொடை தரைக்கு இணையாக இருக்கும்படி குந்திய நிலையில், முழங்காலுக்கு மேலே இருக்கும் எடை ஏறக்குறைய 48 டன். காலுக்கு 24 டன்; நெம்புகோல் தூரம் 2.2 மீட்டர். ஒரு முழங்காலுக்கு வரும் முறுக்குவிசை 517 கிலோநியூட்டன் மீட்டர். ஹைட்ராலிக் சிலிண்டரை மூட்டிலிருந்து அரை மீட்டர் தள்ளிப் பொருத்தி, பொக்லைன்களில் இருக்கும் 350 பார் அழுத்தம் கொடுத்தால், 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரே தாங்கும். விசை பிரச்சினையே இல்லை. வேகம்தான் ஆளைக் கொல்லும். அரை விநாடியில் ஒரு ரேடியன், அதாவது 57 டிகிரி, நிமிர வேண்டுமென்றால் ஒரு முழங்காலுக்கே நிமிடத்துக்குச் சுமார் 1,800 லிட்டர் எண்ணெய் பாய வேண்டும். 20 டன் பொக்லைனின் பிரதான பம்புகள் சேர்ந்து தருவது 400 லிட்டரை ஒட்டித்தான். திறனாகப் பார்த்தால் முழங்காலுக்கு 1,034 கிலோவாட், இரண்டுக்கும் 2,068. உலை தருவது 1,380. எழுந்து நிற்பதற்கே மின்வெட்டு!

அதே அசைவுக்கு ஒரு விநாடி கொடுங்கள். இரண்டு முழங்காலும் சேர்ந்து 1,034 கிலோவாட்டில் முடிந்துவிடும், மிச்சமும் இருக்கும். கனமாக, மெதுவாக எழ வைக்கும் அனிமேட்டர்கள் அழகுக்காகச் செய்தார்களோ என்னவோ, கணக்கு அவர்கள் பக்கம்.

நடையும் அப்படித்தான். பத்து மடங்கு உயரத்துக்கு நடையின் தாளம் மூன்று மடங்கு மெதுவாக வேண்டும்: அடிக்கு 1.75 விநாடி, வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். மனிதத் தாளத்திலேயே ஓடவிட்டால் உள்ளே இருப்பவர் மேல் விழும் முடுக்கம் பத்து மடங்காகும். பைலட் பிழைக்க மாட்டார். சரியான தாளத்தில் நடந்தாலும், இடவல ஆட்டம் 0.28 ஹெர்ட்ஸ் வருகிறது. கப்பலில் குமட்டல் எடுக்கும் அலைவரிசை இதை ஒட்டியது. உங்கள் பைலட்கள் பெரும்பாலும் வாந்தி எடுக்காதது எங்களுக்கு நெடுநாள் வியப்பு.

அடுத்தது விழுதல். நின்ற இடத்திலேயே வேரறுந்த மரம்போலச் சாய்ந்தால், 12.5 மீட்டர் உயரத்து மார்பறை மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். கார்களைச் சுவரில் மோதவிடும் சோதனையின் வேகம் இதை ஒட்டியதுதான். 30 சென்டிமீட்டருக்குள் நின்றால் 43 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல 43 மடங்கு. அதை 15 ஜி-க்குள் அடக்க, இருக்கை 87 சென்டிமீட்டர் வழுக்கிப் போக இடம் வேண்டும். மார்பறைக்குள் அந்த இடத்தை வரைந்து காட்டிய ஒரு குறுக்குவெட்டுப் படம் வேண்டும், அவ்வளவே. 4 மீட்டருக்கும் சற்றுக் குறைவான இயந்திரத்தில் அதே சாய்வு மணிக்குச் சுமார் 27 கிலோமீட்டர்தான். 1983-இன் 'வோட்டம்ஸ்' தொடரின் ஸ்கோப்டாக் அந்த அளவுதான். முழங்கால் மடங்கி உடல் இறங்கி வர, ஏணியில்லாமல் ஏறலாம். பாதத்தில் உருளைகள். செயற்கைத் தசைக்கு ஊற்றும் திரவம் உழைக்க உழைக்கக் கெட்டுப்போகும், தீயும் பிடிக்கும். பராமரிப்பைக் கதைக்குள் கொண்டுவந்த வடிவமைப்புக்கு அதைவிட நல்ல உதாரணம் எங்களிடம் இல்லை.

நிஜத்தில் செய்தவர்கள் முதலில் கைவிட்டது காலைத்தான். யோகோஹாமாவில் 2020 டிசம்பரிலிருந்து 2024 மார்ச் வரை அசைந்த 18 மீட்டர் கன்டம் 25 டன். போர்க் கவசமும் உலையும் இல்லை. அப்படியும் இடுப்பைப் பின்னாலிருந்து ஒரு தாங்கி பிடித்திருந்தது. 2012-இன் குராடாஸ், 2023-இன் ஆர்காக்ஸ் என்ற ஆள் ஏறும் ரோபோக்கள் இரண்டும் சக்கரத்தில் ஓடுபவை. மேற்கு ஜப்பான் ரயில்வே 2024-இல் வேலைக்கு இறக்கிய இயந்திரத்துக்கு மனித மேலுடல் உண்டு. 12 மீட்டர் உயரத்தில் 40 கிலோ தூக்கும். இடுப்புக்குக் கீழே லாரி.

காலை எடுத்துவிடச் சொல்லவில்லை. எடுத்துவிட்டால் நாங்களே பார்க்க மாட்டோம். அடுத்த தொடரின் அட்டவணையில் மூன்று வரி கூட்டுங்கள்: முழங்காலின் உச்ச முறுக்குவிசை, குந்தி எழ ஆகும் விநாடி, விழுந்தால் இருக்கை வழுக்கும் தூரம். இன்னொன்றும் வேண்டும். சண்டையில் கவிழ்ந்த இயந்திரம் அடுத்த காட்சியில் கொட்டகையில் நிற்கிறதே, அதைத் தூக்கிய கிரேனைக் காட்டுங்கள். 60 டன்னை 60 டன் கிரேன் தூக்காது, கை நீட்ட நீட்டத் திறன் சரியும். 200 டன் வகுப்பு ஒன்றை வரையுங்கள், கிரேனின் ஊன்றுகால்களுக்கு அடியில் எஃகுத் தகடு விரித்து.

இப்படிக்கு,
உங்கள் அட்டவணைகளை வரி விடாமல் படிப்பவர்கள்