நன்றி வீடியோவுக்கு முன்னால் நாலு நாற்காலி

எங்கள் டயாலிசிஸ் பிரிவை நடத்தும் மருத்துவமனை நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். மார்ச் இரண்டாவது வியாழக்கிழமை உலகச் சிறுநீரக நாள் வருகிறது, அதற்காக நன்றி சொல்லி இரண்டு நிமிட வீடியோ தர முடியுமா என்று உங்கள் அலுவலகத்திலிருந்து போன வாரம் போன் வந்தது. வெளிர்நீலப் புடவை கட்டினால் வீடியோவில் எடுப்பாக இருக்கும் என்றும் சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததை எழுதிவிட்டேன்.

நன்றி சொல்ல எனக்குக் கசக்கவில்லை. ஐந்து வருடமாக வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் மிஷினில் கிடக்கிறேன். அடுத்தவர் தயவில்லாமல் எனக்கு ஒரு நாள் ஓடாது. பெரம்பூரில் 29சி ஏறினால், என்னைப் பார்த்துப் பழகிய கண்டக்டர் ஒருவர் கேட்காமலே யாரையாவது எழுப்பி இடம் வாங்கித் தருவார். போன சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பந்தலில் ஒரு அம்மா மோரை நீட்டினார். எனக்கு ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு லிட்டருக்குள்தான். ரசமும் காபியும்கூட அந்தக் கணக்கில் சேர்த்தி. விஷயத்தைச் சொன்னதும் ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு சின்ன துண்டை உடைத்து, "வாய்ல அடக்கிக்கம்மா, மெதுவா கரையட்டும்" என்று தந்தார். என் வீட்டுக்காரருக்கே அது புரிய ஒரு வருடம் ஆனது.

உங்கள் இடத்திலும் நல்லவர்கள் இருக்கிறார்கள். வலிக்காமல் ஊசி போடும் டெக்னீஷியன் தம்பி இருக்கிறார். பிறகு அந்த செக்யூரிட்டி அண்ணன். கேன்டீனில் கழித்துப் போட்ட நாலு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து லிஃப்ட் பக்கத்தில் போட்டவர் அவர்தான். ஒன்றுக்குக் கால் விரிசல். கம்பி சுற்றிக் கட்டியிருந்தார்.

அந்த நாற்காலிகளைத்தான் ஜனவரியில் எடுத்துவிட்டீர்கள். ஆய்வுக்கு வருகிறார்கள், வழியில் எதுவும் இருக்கக் கூடாது என்று காரணம் சொன்னீர்கள். தீப்பிடித்தால் ஓட வழி வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆய்வு முடிந்து ஒரு மாதம் ஆகிறது. நாற்காலிகளைத் திரும்பப் போடுங்கள் என்று இரண்டு முறை புகார்ப் புத்தகத்தில் எழுதினேன்.

மிஷினிலிருந்து இறங்கியதும் ஒரு மனுஷிக்கு என்ன ஆகும் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரை இழுத்திருப்பீர்கள். பி.பி. இறங்கியிருக்கும், கெண்டைக்கால் இழுக்கும். ஊசி எடுத்த இடத்தைப் பத்துப் பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடித்திருந்தாலும், உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெபாரின் மருந்து ஏறிய ரத்தம் சில நாள் சொன்ன பேச்சு கேட்காது. கட்டிலைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அதற்குள் எழுப்பிவிடுகிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்களுக்கும் வேலை முடிய வேண்டும். அப்புறம் லிஃப்டுக்கு நின்றுகொண்டே காத்திருக்க வேண்டும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி எட்டரை இருக்கும். அப்படி நிற்கும்போது முழங்கைக்குக் கீழே ஏதோ சூடாக ஓடுவது போலிருந்தது. பார்த்தால் பஞ்சு நனைந்து, ரத்தம் விரல் வழியாகத் தரையில் சொட்டுகிறது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. லிஃப்டிலிருந்து வெளியே வந்த சாப்பாடு டெலிவரி பையன் ஒருவன், முதுகில் இருந்த பெரிய பையைக் கழற்றித் தரையில் வைத்து என்னை அதன்மேல் உட்கார வைத்தான். உள்ளே யாருடைய சாப்பாடோ இருந்தது, சூடு தெரிந்தது. "அக்கா, கைய தூக்கிப் பிடிங்க" என்று தன் கட்டை விரலால் அந்த இடத்தை அழுத்திக்கொண்டான். நர்ஸ் ஓடி வரும் வரைக்கும் விரலை எடுக்கவில்லை. அவன் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் பேரைக்கூட நான் கேட்கவில்லை. அந்தச் சாப்பாட்டுக்கு அவன் சம்பளத்தில் கை வைத்தார்களோ என்னவோ.

நன்றி என்று நீங்கள் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது அவன் முகம்தான். அதை உங்கள் பெயருக்கு எப்படி மாற்றிச் சொல்வது?

நேற்று வந்தபோது பார்த்தேன். நாற்காலிகள் இருந்த அதே இடத்தில், நின்று படம் எடுத்துக்கொள்ள ஆளுயரத்தில் ஒரு சிறுநீரகத் தட்டி வைத்திருக்கிறீர்கள். சிரித்த முகம் வேறு போட்டிருக்கிறது. நாற்காலி வழியை மறிக்கும், தட்டி மறிக்காது போலிருக்கிறது. வேலை செய்யாத என் இரண்டுக்கு அது பரவாயில்லை, பார்க்கவாவது லட்சணமாக இருக்கிறது.

எங்கள் பாடே இப்படித்தான். பார்க்க நன்றாக இருப்போம், அதனால் எங்கேயும் எங்களுக்கு இடம் கிடையாது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் சொல்லியிருக்கிறார்கள். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் என்று அதில் ஒரு வகை இல்லை. பஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தால் அது அவருடைய நல்ல மனசு, எனக்கு உரிமை கிடையாது. சரி, அது டெல்லியில் கேட்க வேண்டியது. உங்களிடம் கேட்பது நாலு நாற்காலி.

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். தயவுசெய்து அந்த நாற்காலிகளைத் திரும்பப் போடுங்கள். வழிக்கு இடைஞ்சல் என்றால் எடை மிஷினை ஒட்டிய சுவரில் மடக்கு பெஞ்ச் ஒன்று அடித்துவிடுங்கள், அதுவும் போதும். நாற்காலி போட்டதற்காக செக்யூரிட்டி அண்ணனை யாரும் எதுவும் கேட்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை எனக்கு டயாலிசிஸ் நாள்தான். நாலு மணிக்கு வருவேன், எட்டரைக்கு லிஃப்ட் பக்கம் வருவேன். உட்கார இடம் இருந்தால் அங்கேயே உட்கார்ந்து இரண்டு நிமிடம் பேசித் தருகிறேன். வெளிர்நீலப் புடவையும் வீட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
செவ்வாய், வியாழன், சனி மூன்றாம் ஷிப்ட் நோயாளி ஒருத்தி