பலகையில் படம் வேண்டாம், கணக்கை எழுதுங்கள்

மலையகப் பிரதேச சபைகளின் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். எங்கள் தேயிலைத் தோட்ட டிவிசனுக்கு ஏறும் பாதைக்குச் சில வருடங்களுக்கு முன் கொங்கிரீட் போட்டார்கள். அடுத்த மழையிலேயே ஓரம் பெயர்ந்துவிட்டது. பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். அதில் ஒருவரின் பெரிய படம், கீழே 'இன்னாரின் முயற்சியால்' என்ற வரி. எவ்வளவு பணம், எத்தனை மீற்றர், கொந்தராத்து யாருக்கு என்று எதுவும் இல்லை. சபைக்குப் போய்க் கேட்டேன். "தம்பி, நீங்க யாருடைய ஆள்?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடல். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, தகவல் கேட்கும் பிரஜை ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் போதும். அதை எழுதிக்கொள்வது தகவல் அலுவலரின் கடமை. தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட வேண்டும். இது எனக்கு அன்று தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அலுவலகமும் சொல்லவில்லை.

எங்கள் ஆட்கள் கணக்குக் கேட்கத் தெரியாதவர்கள் அல்ல. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு முள்ளை எங்கள் அம்மாமார் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும், உங்களில் பலர் அந்த அம்மாமாரின் பிள்ளைகள்தானே. ஒரு கிலோ குறைத்து எழுதினால் கணக்கப்பிள்ளையை விடமாட்டார்கள். சம்பளத் துண்டில் தொழிற்சங்கச் சந்தா எவ்வளவு, சேமலாப நிதிக்கு எவ்வளவு வெட்டினார்கள் என்று வரி வரியாகப் பார்ப்பார்கள். ஆனால் அதே அம்மா சபைப் பணத்தில் பாதை வந்தால், "நம்ம தலைவர் செஞ்சு கொடுத்தாரு" என்று கும்பிடுகிறார். எனக்கு மனது வலிப்பது அந்த இடத்தில்தான்.

அதற்கும் காரணம் உண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் 2018இல் திருத்தப்படும் வரை, தோட்டத்துக்குள் சபை பணம் செலவழிக்கச் சட்டமே தடையாக இருந்தது. வாக்குப் போட்டோம், நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு ஒரு தண்ணீர்ப் பீலியும் கேட்க முடியவில்லை. தோட்டத் துரையிடமோ தலைவரிடமோதான் கையேந்த வேண்டும். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. சபைப் பணம் தோட்டத்துக்குள் வரத் தொடங்கி இன்னும் பத்து வருடம்கூட ஆகவில்லை. இப்போது நீங்கள் பழக்குவதுதான் இனி வரும் சபைகளுக்கும் வழக்கமாகும்.

அதனால் கேட்கிறேன். இனி நடும் பலகையில் உங்கள் படத்துக்குப் பதிலாகத் தொகை, நீளம், கொந்தராத்துக்காரர் பெயர், முடியும் திகதி, எல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். வீட்டுக்கோ காணிக்கோ நீங்கள் பெயர் சிபாரிசு செய்தால், எந்த அடிப்படையில் தெரிவு செய்தீர்கள் என்பதையும் சேர்த்து, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பெரட்டுக் களத்தில் ஒட்டுங்கள். உங்கள் உறவினர் கேள்விப்பத்திரம் போட்டிருந்தால் அந்த முடிவில் நீங்கள் இருக்க வேண்டாம்.

அப்புறம், 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி உங்கள் சொத்து, கடன் விபரங்களை வருடா வருடம் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்குக் கொடுக்கிறீர்கள். அதன் ஒரு பிரதியைச் சபை வாசலிலும் வையுங்கள். கொழும்புக்குப் போகும் கடதாசியை எங்கள் ஆட்கள் பார்க்கப்போவதில்லை.

நான் எந்தக் கட்சியின் ஆளும் இல்லை. 2025 மே 6ஆம் திகதி வரிசையில் நின்று வாக்குப் போட்டவன். அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு பிரேரணையாக எடுங்கள். எங்கள் டிவிசன் பாதையின் பழைய கோப்பு இன்னும் சபையில் இருக்க வேண்டும். முதலில் அதையே ஒட்டுங்கள், நானே வந்து வாசிக்கிறேன்.

இப்படிக்கு,
லயத்தில் பிறந்த ஒரு வாக்காளன்,
மஸ்கெலியா