ஏக்கருக்கு ஒரு வாக்கும் ஆளுநரின் ஐந்து பெயர்களும்

பெறுநர்:
புளோரிடா மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவை உறுப்பினர்கள்,
டலஹாசி.

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

இம்மடலின் ஆங்கிலப் படி உங்கள் அலுவலகங்களுக்குத் தனியே வந்து சேரும். இதைத் தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், என் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் வீடு வாங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவும், டிஸ்னி வேர்ல்டு அமைந்திருக்கும் ரீடி கிரீக் சிறப்பு வரி மாவட்டத்தை யார் நிர்வகிப்பது என்ற இந்த விவகாரத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து, ஆளுநருக்கும் டிஸ்னிக்குமான சண்டை, நமக்கென்ன என்று ஒதுங்கிவிட்டன என்பதுதான்.

என் வீடு ஆரஞ்ச் கவுண்டியின் மேற்குப் பகுதியில் இருக்கிறது. காற்று இந்தப் பக்கம் வீசும் இரவுகளில் டிஸ்னி வேர்ல்டின் வாணவேடிக்கைச் சத்தம் சமையலறை வரை கேட்கும். ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதம் உத்தேசச் சொத்து வரி அறிவிப்பு தபாலில் வருகிறது. கவுண்டி, பள்ளி வாரியம், நூலகம், நீர் மேலாண்மை மாவட்டம் என்று வரி போடும் அமைப்புகள் ஒவ்வொன்றின் பெயரும், அது கேட்கும் தொகையும், ஆட்சேபணை இருந்தால் எந்தத் தேதியில் எங்கே வந்து சொல்லலாம் என்ற குறிப்பும் அந்தத் தாளில் இருக்கும். வரி கட்டுவது யாருக்கும் இனிப்பதில்லை. ஆனால் யாரிடம் போய்க் கேட்பது என்று அந்தத் தாள் சொல்லிவிடுகிறது.

சாலை, வடிகால் போன்ற வேலைகளுக்காகத் தனியே வரி போடும் உள்ளாட்சி அமைப்புதான் சிறப்பு வரி மாவட்டம். அதை நான் டிஸ்னியை வைத்துக் கற்கவில்லை. எங்கள் குடியிருப்பே அப்படிப்பட்ட ஒன்று. சட்டநூலின் 190-ஆம் அத்தியாயத்தின்படி அமைந்த சமூக மேம்பாட்டு மாவட்டம். தொடக்க ஆண்டுகளில் அதன் மேற்பார்வைக் குழுவின் ஐந்து இடங்களுக்கும் நில உரிமையாளர்களே வாக்களித்தார்கள், ஏக்கருக்கு ஒரு வாக்கு என்ற கணக்கில். அதாவது, வீடு கட்டி விற்ற நிறுவனம் தனக்கு வேண்டியவர்களை உட்கார வைத்தது. மழைநீர்க் குட்டையின் கரை எங்கள் வேலியை நோக்கி அரித்துக்கொண்டு வந்தபோது, அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு ஒரு வேலைநாள் முற்பகலில் அந்தக் கூட்டத்துக்குப் போனேன். மூன்று நிமிடம் பேச விட்டார்கள், நன்றி சொன்னார்கள், அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். ஆறு ஆண்டுகள் கழிந்து, 250 வாக்காளர்களும் சேர்ந்த பிறகு, சட்டப்படி அந்த இடங்கள் ஒவ்வொன்றாகக் குடியிருப்போருக்கு வந்தன. குட்டையின் கரை இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. ஆனால் இப்போது கூட்டம் மாலையில் நடக்கிறது. உறுப்பினர்களில் ஒருவர் எங்கள் தெருக்காரர்.

நிலக்காரர் கையில் தொடங்கும் அதிகாரம் ஒருநாள் குடியிருப்பவர் கைக்கு வர வேண்டும் என்ற இந்த நல்ல விதியை எழுதியது உங்கள் சட்டமன்றம். ரீடி கிரீக்கில் மட்டும் அது நடக்கவே இல்லை.

வால்ட் டிஸ்னி 1965 நவம்பரில் தம் திட்டத்தை அறிவித்தார்; அடுத்த ஆண்டு அவர் அதை விவரித்தபோது, சுமார் 20,000 பேர் வாழும் ஒரு மாதிரி நகரமும் அதில் இருந்தது. 1966 டிசம்பரில் அவர் காலமானார். 1967 மே மாதம் ஆளுநர் கிளாட் கிர்க் கையெழுத்திட்ட சட்டம், ஆரஞ்ச், ஒசியோலா கவுண்டிகளில் 25,000 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் ரீடி கிரீக் மேம்பாட்டு மாவட்டத்தை உருவாக்கியது. சாலை, வடிகால், கழிவுநீர், தீயணைப்பு, கட்டட விதிகள், கடன் பத்திரம் வெளியிடும் உரிமை, விமான நிலையம், ஏன், அணுமின் நிலையம் கட்டும் உரிமை வரை அதற்குக் கிடைத்தன. இத்தனைக்கும் சொல்லப்பட்ட நியாயம் அந்த வருங்கால நகரம். நகரம் வரவில்லை, அதிகாரம் மட்டும் நிலைத்துவிட்டது. மாவட்டத்துக்குள் அமைந்த பே லேக், லேக் புவேனா விஸ்டா என்ற இரண்டு நகராட்சிகளிலும் சேர்த்துச் சில டஜன் பேரே குடியிருக்கிறார்கள். 1990-களில் டிஸ்னி உண்மையாகவே செலிபிரேஷன் என்ற ஊரைக் கட்டியபோது, அந்த நிலத்தை மாவட்ட எல்லையிலிருந்து முன்னதாகவே விலக்கிக்கொண்டது. வாக்காளர்கள் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஏற்பாடு கெட்டதாகவே நடந்தது என்று சொன்னால் அது நேர்மையாகாது. டிஸ்னி கவுண்டிகளுக்குரிய சொத்து வரியையும் கட்டிவிட்டு, அதற்கு மேல் மாவட்டத்துக்கும் கட்டியது. சாலையும் வடிகாலும் ஒழுங்காக இருந்தன. எங்கள் குட்டையைப் பார்க்கிறவனுக்கு அதன் அருமை தெரியும். ஆனாலும் ஐந்து மேற்பார்வையாளர்களும் டிஸ்னியிடமிருந்து கிடைத்த ஐந்தைந்து ஏக்கர் நிலத்தின் பேரில் உறுப்பினர்களாக இருந்தார்கள் என்பதையும், பெரும்பான்மை ஏக்கரை வைத்திருந்த ஒரே நிறுவனமே வாக்காளராகவும் வரி கட்டுபவராகவும் பயனாளியாகவும் இருந்தது என்பதையும் எவ்வளவு நல்ல சாலையும் மறைத்துவிடாது.

இதைத் திருத்த உங்களுக்கு 55 ஆண்டுகள் இருந்தன. நீங்கள் தேர்ந்தெடுத்த நேரம் 2022 ஏப்ரல். பள்ளிகளில் பாலியல் சார்பு, பாலின அடையாளம் குறித்த பாடங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை டிஸ்னி வெளிப்படையாக எதிர்த்த சில வாரங்களிலேயே, தொகுதி வரையறைக்காகக் கூட்டப்பட்ட சிறப்புக் கூட்டத்தொடரில் இதைச் சேர்த்து, மூன்றே நாட்களில் மாவட்டத்தைக் கலைக்கும் மசோதாவை நிறைவேற்றினீர்கள். சுமார் 100 கோடி டாலர் கடன் பத்திரங்கள் யார் தலையில் விழும் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. சொத்து வரி 20 முதல் 25 சதவீதம் வரை ஏறலாம் என்று எங்கள் கவுண்டியின் வரி வசூல் அதிகாரி எச்சரித்தார். அந்தச் சண்டையில் எங்கள் பெயர் அடிபட்டது அந்த ஒரு முறைதான். அதுவும் பில் கட்டுபவர்களாக.

2023 பிப்ரவரியில் கலைப்பைக் கைவிட்டு, மத்திய புளோரிடா சுற்றுலா மேற்பார்வை மாவட்டம் என்று பெயர் மாற்றி, ஐந்து இடங்களையும் ஆளுநரின் நியமனத்துக்கும் மேலவையின் ஒப்புதலுக்கும் கொடுத்தீர்கள். அதே மாதம் விடைபெறவிருந்த பழைய குழு, டிஸ்னியோடு ஓர் ஒப்பந்தம் போட்டு, தன் அதிகாரத்தின் பெரும்பகுதியை நிறுவனத்திடமே எழுதிக் கொடுத்துவிட்டது. மன்னர் மூன்றாம் சார்லஸின் அன்றைக்கு உயிரோடிருந்த வழித்தோன்றல்களில் கடைசியானவர் இறந்து 21 ஆண்டுகள் ஆகும் வரை அதோடு சேர்ந்த நிபந்தனை ஆவணம் செல்லும் என்று எழுதப்பட்டிருந்தது. வழக்கறிஞர்களுக்கு இது பழகிய வாசகமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, எங்கள் ஊர் வடிகாலின் விதி இங்கிலாந்து அரச குடும்பத்தின் ஆயுளோடு கட்டப்பட்டபோது எங்களில் எவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று தோன்றியது. வழக்குகள் நடந்தன, 2024 மார்ச்சில் சமரசம் ஆனது. அதே ஆண்டு ஜூனில் வந்த 15 ஆண்டு ஒப்பந்தத்தின்படி டிஸ்னி 1,700 கோடி டாலர் வரை முதலிடலாம், ஐந்தாவது பெரிய பூங்காவும் கட்டலாம். மலிவு வீடுகளுக்கு அதில் ஒதுக்கப்பட்டது ஒரு கோடி டாலர்.

சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்பது பத்திரிகைகளின் கவலை. என் கவலை அந்த ஐந்து நாற்காலிகள். பூங்காவை நடத்தும் நிறுவனத்தில் கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வேலை பார்த்தவரும் அவருடைய உறவினரும் அவற்றில் உட்காரக் கூடாது என்று விதித்திருக்கிறீர்கள். நிர்வாகிகளைத் தள்ளி வைக்க எழுதிய விதி, அறைகளைச் சுத்தம் செய்பவரையும் பேருந்து ஓட்டுபவரையும் சேர்த்தே தள்ளிவிட்டது. அங்கே வேலை பார்க்கும் பல்லாயிரம் பேர் இந்த இரண்டு கவுண்டிகளிலும் வாடகைக்கு வீடு தேடி, நான்காம் எண் நெடுஞ்சாலையின் நெரிசலில் உட்கார்ந்து போய் வருகிறார்கள். ரீடி கிரீக்கின் தண்ணீர் கிஸ்ஸிமி ஏரிகள் வழியாக ஒக்கிசோபி ஏரியை நோக்கித் தெற்கே போகிறது. அது மாவட்ட எல்லையில் நிற்பதில்லை.

இவர்களுக்கும் அந்தக் குழுவில் குரல் வேண்டும் என்றால், மாவட்டத்துக்கு வரி கட்டாதவர்கள் அதன் வரியைத் தீர்மானிப்பது எப்படி நியாயம் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்; ஐந்து இடங்களையும் வெளியார் வாக்குக்கு விடுவதை நானும் ஆதரிக்க மாட்டேன். தண்ணீர்ச் சேமிப்பு மாவட்டமொன்றில் நிலக்காரருக்கு மட்டும் வாக்கு இருப்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1973-ல் ஏற்றிருக்கிறது. ஆனால் இதே தர்க்கத்தின்படி, ஒரு பைசா வரி கட்டாத ஆளுநர் ஐந்து பேரையும் நியமிப்பதற்கு என்ன நியாயம்?

ஆகவே நான் கேட்பது இது. இரண்டு இடங்கள் நில உரிமையாளர்களுக்கு, பழையபடி ஏக்கர் கணக்கில். ஆரஞ்ச் கவுண்டி வாக்காளர்கள் ஒருவரையும் ஒசியோலா கவுண்டி வாக்காளர்கள் ஒருவரையும் நவம்பர் பொதுத் தேர்தலோடு சேர்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். ஐந்தாமவரை ஆளுநரே நியமிக்கட்டும். ஊழியர்களுக்கான தடை நிர்வாகப் பதவியில் இருப்பவர்களோடு நிற்கட்டும். வரி விகிதத்தை உயர்த்த நில உரிமையாளர் உறுப்பினர் ஒருவராவது உடன்பட வேண்டும் என்று விதித்தால் டிஸ்னியின் அச்சமும் தீரும். 1967-லேயே இதைச் செய்திருந்தால் பெரிதாக எதுவும் கெட்டிருக்காது என்பது என் எண்ணம்.

அடுத்த வழக்கமான கூட்டத்தொடருக்கு முன் இதற்கான மசோதாவைக் குழு விசாரணைக்கு எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். அந்த விசாரணை ஒன்றைக் கிஸ்ஸிமியில், மாலை ஏழு மணிக்கு மேல், பகல் ஷிப்ட் முடிந்தவர்கள் வந்து சேரக்கூடிய நேரத்தில் வையுங்கள். மூன்று நிமிடம் போதும், நான் வருகிறேன்.

இங்ஙனம்,
ஆரஞ்ச் கவுண்டியில் சொத்து வரி கட்டும் ஒரு வீட்டுக்காரர்